பைக் டயர் மாற்ற மலையிலிருந்து கீழே இறங்குவோர் கவனத்திற்கு: 4,650 ரூபாய்க்கு எட்டு ஆண்டுப் பழைய டயர்

4,650 ரூபாய் கொடுத்து இரண்டு 'புதிய' டயர்கள் வாங்கினேன். இரண்டும் எட்டு ஆண்டுகளுக்கு முன் தயாரானவை என்பது இன்று மாலைதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இப்போதே உட்கார்ந்திருக்கிறேன். காற்றழுத்தம் பார்ப்பது, டயரை எப்போது மாற்றுவது ஆகியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் 150 சிசி பைக்கின் பின் டயரில் சாலையைத் தொடும் ரப்பர் பட்டன்கள் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியின் மட்டத்துக்கு வந்துவிட்டதால், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் முன், பின் இரண்டையும் மாற்றிவிட நினைத்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். பல நிறுவனங்களின் டயர்களையும் அடுக்கி வைத்து விற்கும் பெரிய கடை அது. பெயரைச் சொல்லப் போவதில்லை.

கடை முதலாளியே எழுந்து வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். கோத்தகிரி என்றதும், "தினமும் அந்த வளைவில் போகிற வண்டிக்கு எதையாவது மாட்டி அனுப்பினால் எனக்குத் தூக்கம் வருமா சார்?" என்றார். பிறகு ஒரு டயரைத் தூக்கி வந்து, அதன் மேல் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய ரப்பர் முடிகளை என் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னார். "முடிகூட உதிரவில்லை பாருங்கள், இதைவிடப் புதியது எங்கே கிடைக்கும்?" பேச்சு அந்த அளவுக்கு நயமாக இருந்தது. அந்த முடிகள், டயரை அச்சில் வார்க்கும்போது காற்று வெளியேறும் துளைகளில் ரப்பர் புகுந்து உருவாபவை. டயர் சாலையில் ஓடவில்லை என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. கிடங்கில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் அப்படியே இருக்கும். பக்கச் சுவருக்குப் பூசியிருந்த கறுப்புப் பாலிஷ் மீதி வேலையைச் செய்தது. எனக்குத் தேநீர் வரவழைத்தார். குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் மாட்டிவிட்டார்கள். ஜிபேயில் 4,650 ரூபாய் அனுப்பினேன். கையெழுத்துப் பில்லில் 'டயர் 2, கூலி உட்பட' என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை.

அதற்குப் பின் வந்த முதல் மழையிலேயே, குஞ்சப்பனைக்கு மேல் ஒரு கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது பின் சக்கரம் வழுக்கியது. கீழே விழவில்லை, எதிரே பேருந்து வராதது என் நல்ல காலம். ஊரில் பஞ்சர் கடை அண்ணனிடம் வண்டியை நிறுத்தியதும், அவர் கம்பி அளவியை வால்வில் வைத்துப் பார்த்தார். செயின் கவர் ஸ்டிக்கரில் பின் டயருக்குக் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது, டயரில் இருந்தது 22. கசிவு எதுவும் இல்லை. பிறகு சைலன்சர் பக்கம் குனிந்து, துணியால் துடைத்து, "தம்பி, இதைப் படி" என்றார். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3417. முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதாவது 2017ஆம் ஆண்டின் 34ஆம் வாரம், ஆகஸ்ட் மாதக் கடைசி. முன் டயரும் அதே ஆண்டுதான். பட்டன்களுக்கு இடையே நகத்தால் அழுத்தினால் முடியளவு வெடிப்புகள் வாய் திறக்கின்றன. ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றாலும் வெப்பத்தாலும் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது.

கடைக்குத் தொலைபேசினேன். "தேதி பார்த்து வாங்க அது என்ன மாத்திரையா சார்?" என்று சிரித்தார், தூக்கம் வராது என்ற அதே மனிதர். காற்று ஏன் குறைவு என்றதற்கு, மலை ஏறினால் டயருக்குள் அழுத்தம் கூடும், அதனால் வேண்டுமென்றேதான் குறைத்து விட்டோம் என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்கு வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவியில் இரண்டு பி.எஸ்.ஐ. போலக் கூடும் என்பது சரி. ஆனால் மேலே உள்ள குளிரில் உள்காற்று சுருங்கி, ஏறக்குறைய அதே அளவு இறங்கியும் விடும். பத்து பி.எஸ்.ஐ. குறைக்க எந்தக் கணக்கிலும் இடமில்லை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வளைவில் வண்டி நாம் சொன்ன பேச்சைக் கேட்காது.

அடுத்த அழைப்பில், நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். அதற்கடுத்த அழைப்பை எடுத்த பையன், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றான். பின்னால் அவர் விலை பேசும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்ததோடு சரி. கடைசியாக வந்த பதில், அடுத்த முறை டயர் வாங்கும்போது 300 ரூபாய் குறைத்துத் தருகிறார்களாம். 4,650 ரூபாய்க்கு 300 ரூபாய், அதுவும் மறுபடி அவர்களிடமே வாங்கினால்!

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். டயரை மாட்டுவதற்கு முன் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், திருப்பிப் பாருங்கள். காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில், சொந்த அளவியில் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் கணக்கு, டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. தேய்மானக் குறியைத் தொட்டால், பக்கச் சுவர் வெடித்தால் அல்லது புடைத்தால் மாற்றிவிடுங்கள். பில்லில் நிறுவனம், அளவு, தயாரிப்பு வாரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கோவை மாவட்டத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915இல் தீராவிட்டால் 4,650 ரூபாய்க்கு ஊட்டியில் மனு கொடுப்பேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் டயர் எண்ணின் படத்தையும் பத்திரப்படுத்தி எனக்குத் தகவல் கொடுங்கள்.