டெக்னாம் பி2006டி: சிக்கனமான இரட்டை எஞ்சின், எடையில் மட்டும் கண்டிப்பு

இரட்டை எஞ்சின் விமானம் என்றாலே எரிபொருள் செலவு கையைக் கடிக்கும். இத்தாலியத் தயாரிப்பான பி2006டி-யில் அந்தக் கடி குறைவு. தலா 100 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ரோட்டாக்ஸ் 912 எஸ் எஞ்சின்களும் சேர்ந்து பயண வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 35 முதல் 40 லிட்டர்தான் குடிக்கின்றன. பைப்பர் செனிகா போன்ற பழைய இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இதைப்போல் இரு மடங்கு வேண்டும். தரமான மோட்டார் பெட்ரோலே போதும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான ஏவ்கேஸிலேயே ஓட்டினால் ஆயில் மாற்றும் இடைவெளி 100 மணி நேரத்திலிருந்து 50 ஆகக் குறையும்.

இந்த விமானத்தின் உண்மையான சோதனை, ஒரு எஞ்சின் நின்றபின்தான். முழு எடையில், ஒற்றை எஞ்சினில் நிமிடத்துக்கு 300 அடி ஏற்றம்கூடத் தேறாது. வெயில் நாளில் இன்னும் குறையும். அதனால் தாமதத்துக்கு இடமில்லை. எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலும் புரொப்பெல்லர் லிவரும் முழுக்க முன்னே, கியரும் (சக்கரங்கள்) ஃபிளாப்பும் (இறக்கை மடல்கள்) மேலே. விமானத்தை நேராக வைக்க ரடர் (வால் சுக்கான்) பெடலை மிதிக்கும்போது எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. அதன் திராட்டிலைப் பின்னிழுத்து உறுதி செய்தபிறகே ஃபெதர் செய்ய வேண்டும், அதாவது புரொப்பெல்லர் இலைகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிடுவதுதான் கொடிய தவறு. வேகம் 62 நாட் (மணிக்கு 62 கடல் மைல்) அளவுக்குக் கீழே போனால் ரடரால் திருப்பத்தைத் தாங்க முடியாது. அப்போது மூக்கைத் தாழ்த்தி, ஓடும் எஞ்சினின் விசையையும் குறைக்க வேண்டும்.

இருக்கை நான்கு. ஆனால் 200 லிட்டர் டேங்கை நிரப்பினால் மூன்று பெரியவர்களுக்குத்தான் எடைக் கணக்கு இடம் தரும்.

பராமரிப்பில் அதிகம் தவறு நடப்பது ஆயில் அளவில். நின்ற எஞ்சினில் ஆயிலின் ஒரு பகுதி ஆயில் டேங்குக்குத் திரும்பாமல் கிராங்க்கேஸிலேயே (எஞ்சின் உடலிலேயே) தங்கிவிடும். அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால், ஓடும்போது மிகுதி ஆயில் காற்றுக்குழாய் வழியே வெளியேறும். இக்னிஷன் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை ஓடும் திசையில் மட்டும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டேங்கிலிருந்து 'குளுக்' என்று சத்தம் வந்தபின் அளவு பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஆயில் பாதையில் காற்று புகும்.

பழைய விமானம் வாங்குகிறவர்கள், ஐடிலில் (மிகக் குறைந்த சுற்றில்) எஞ்சின் உதறுகிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் இரண்டு கார்புரேட்டர். அவை ஒத்திசையாமல் ஓடியிருந்தால் அந்த உதறல் கியர்பாக்ஸைத் தின்றிருக்கும்.