கங்காரு கட்டுத் துணி: துணி நல்லது, பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்

குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணி இது. ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே மாதிரித் துணியை நாலைந்து பேர் விற்கிறார்கள், பெட்டியில் இருக்கும் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். துணிக்கு ஐந்தில் நான்கு தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் "கட்டிய முதல் மணி நேரத்திலேயே தாய்-சேய் பாசம் மலரும்" என்று அச்சடித்திருக்கிறார்களே, அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு 33-வது வாரத்தில் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தப்போக்கு. அவசர சிசேரியன், முழு மயக்கம், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தது ஐ.சி.யூ.வில். மகள் 1,600 கிராம், வேறு மாடியில் இன்குபேட்டரில் இருந்தாள். என் கணவர் செல்போனில் போட்டோ காட்டினார். பார்த்தேன், "சரி" என்றேன், அவ்வளவுதான் வந்தது. அப்புறம் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போய் நேரில் காட்டியபோதும் யாரோ ஒருத்தர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நான் அழுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலைமையில் இருக்கிற ஒருத்தி அந்தப் பெட்டி வாசகத்தைப் படித்தால் என்ன நினைப்பாள்? ஒரு மணி நேரம் கட்டியும் ஒன்றும் மலரவில்லையே, அப்போது கோளாறு என்னிடம்தான் என்று நினைப்பாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது துணி. பருத்தியில் கொஞ்சம் லைக்ரா கலந்த பனியன் துணி, நன்றாக இழுபடும். குழந்தைக்கு டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டு, தவளை மாதிரி கை கால் மடங்கியிருக்க, மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டுக் கட்ட வேண்டும். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்க வேண்டும், மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும், முகவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது. இதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் படத்தில் சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் தடவை கண்டிப்பாக நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் கட்டுங்கள். எனக்குக் கட்டிவிட்ட சிஸ்டர், "கையை விடுங்கம்மா, துணி பிடிச்சுக்கும், நீங்க மூச்சை மட்டும் விடுங்க" என்றார். நான் தோளை இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்பதே அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குறை என்றால் முடிச்சு. இடுப்பில் போடச் சொல்கிறார்கள், அது சிசேரியன் தையல் மேலேயே வந்து உட்காருகிறது. விலாவுக்குப் பக்கத்தில் ஏற்றிக் கட்டினால் பிரச்சினை இல்லை, ஆனால் இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்காவது தையல் இருக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியாதா? இன்னொன்று வெக்கை. திருச்சி ஏப்ரலில் இரண்டு பேரும் நனைந்துவிடுகிறோம். குழந்தையின் மேல் நேராகக் காற்று படாதபடி மின்விசிறியை மெதுவாக வைத்துக்கொண்டு, துணியை இரண்டு செட்டாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். வெல்க்ரோ வைத்த மாடலும் இருக்கிறது, வேண்டாம், பிரிக்கிற சத்தத்தில் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடும்.

இந்த முறையே 1978-ல் கொலம்பியாவின் பொகோடாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கியது. இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் போட்டுத் தொற்று பரவியது, சரி அம்மாவின் உடம்புச் சூட்டையே பயன்படுத்துவோம் என்று ஆரம்பித்தார். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்ததும் நெஞ்சில் வைத்தபோது இறப்பு கால்வாசி குறைந்தது. அங்கெல்லாம் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே வார்டில் இடம் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை. ஆக குழந்தையின் உடம்புக்கு இது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. அம்மாவின் மனசுக்கு? ஹரியானாவில் அம்மாக்களை வீட்டிலேயே இதைச் செய்ய வைத்துப் பார்த்த ஆய்வில் மனச்சோர்வு அறிகுறி ஓரளவு குறைந்தது. ஓரளவு. முழுதாகப் போய்விடவில்லை, இதைத்தான் அந்தப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை.

எனக்கு என்ன நடந்தது என்றால், முதலில் வந்தது பாசமே இல்லை, வேலை. அவள் மூச்சு என் கழுத்தெலும்பில் படுகிறதா, முதுகு சூடாக இருக்கிறதா, பால் கக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. முதுகெல்லாம் பூனைமுடி, என் நெஞ்சு வேர்வையில் அது ஒட்டிக்கொள்ளும், அதை விரலால் ஒதுக்கிவிடுவேன். அன்பு வருகிறதா என்று நொடிக்கு நொடி மனசைச் சோதித்துக்கொண்டிருந்ததைவிட இந்த வேலை எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. எந்த நாளில் அவள் என் மகளாக ஆனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தடவை ஊசி போட எடுத்துக்கொண்டு போனபோது "மெதுவாப் பிடிங்க" என்று கத்திவிட்டேன், அப்போது ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தாள்.

ஆனால் துணி செய்யாததையும் சொல்ல வேண்டும். குழந்தை வீட்டுக்கு வந்து எடை கூடி நன்றாக இருந்தபோதும், ராத்திரி ஆபரேஷன் தியேட்டர் விளக்கு கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி இருக்கிற ரோடு பக்கமே போக முடியாது, மானிட்டர் மாதிரி ஏதாவது சத்தம் கேட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். "குழந்தைதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன" என்று கேட்காத ஆளில்லை. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் பிரசவக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள், சொல்லி முடித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. மனநல டாக்டரிடம் போனபோதுதான் இது மனச்சோர்வு மட்டும் இல்லை, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு என்று தெரிந்தது. பிரசவமானவர்களில் 100-க்கு 4 பேருக்கு இது வருகிறது, என் மாதிரி சிக்கலான பிரசவம் என்றால் அதைவிட அதிகம். எடின்பரோ கேள்வித்தாள் என்று 10 கேள்வி கொண்டது ஒன்று, தமிழிலும் இருக்கிறது, பல இடங்களில் அதைத்தான் கொடுப்பார்கள். அது மனச்சோர்வுக்கானது, அதில் மதிப்பெண் குறைவாக வந்தாலும் இந்த மாதிரி காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, பயிற்சி பெற்றவர் முன்னால் நம் வேகத்துக்கு அந்த நாளைத் தொட்டுப் பார்ப்பது. சொந்தக்காரர்களிடம் கதை சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக் கூடிய மாத்திரைகளும் உண்டு.

என் கணவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரத்தத்துக்கு ஓடியது, "இரண்டு பேருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவர். நான் மயக்கத்தில் இருந்தேன், அவர் முழிப்போடு எல்லாவற்றையும் பார்த்தார். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் குழந்தை பிறக்கும் காலத்தை ஒட்டி அப்பாக்களிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இந்தத் துணியை நான் சிபாரிசு செய்வதற்கு மிகப் பெரிய காரணமே அவர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கட்டிக்கொண்டார், துணி அவர் அளவுக்கும் சரியாக இழுபட்டது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பளைக்கு இது என்ன வேலை, தூக்கியே பழக்கினா இறக்கவே விடாதுடா" என்றார்கள். அவர், "இறக்க வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த ராத்திரிகளில்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் என்ன நினைத்தார் என்பதை முதல் தடவையாக என்னிடம் சொன்னார்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். இது சாய்ந்து உட்கார்ந்து செய்வதற்கான துணி. சமையல்கட்டில் நிற்கவோ வண்டியில் போகவோ இதை நம்பாதீர்கள். சோபாவில் இருந்தபடி தூங்கிப்போகக் கூடாது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எடுக்கிற ராத்திரி வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும். குழந்தை இரண்டரைக் கிலோவை நெருங்கி, நெளிந்து வெளியே வரப் பார்த்தால் போதும் என்று அர்த்தம். பணம் இல்லையென்றால் கவலையே வேண்டாம், பல அரசு மருத்துவமனைகளில் சாதாரணத் துணியில்தான் கட்டிவிடுகிறார்கள், அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்துக் கட்டினாலும் அதே சூடுதான், கட்டுகிற விதத்தை மட்டும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசின் மனநல உதவி போன் சேவையான டெலிமானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தூக்கமே இல்லாமல் குழப்பமாகப் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுவது என்றால் போன்கூட வேண்டாம், தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-லிருந்து அம்மாவையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்து வைத்தியம் பார்க்கிற தனி வார்டு இருக்கிறது.

கம்பெனிக்கு மெயில் போட்டு, அந்த வாசகத்தை எடுத்துவிட்டு 14416-ஐ அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்தால் இதே ரிவ்யூவில் சேர்க்கிறேன்.