எட்டு வருட விளம்பர வருமானம், நடுவில் ஒரு முடக்கம்

என் தளத்தில் விளம்பரம் போட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. இதுவரை விளம்பரம் தந்து, கிளிக்குக்குக் காசு கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள். முதலாவது நான்காவது வருடத்தில் என்னை வெளியே தள்ளியது. இரண்டாவதோடு இன்றுவரை வண்டி ஓடுகிறது.

அன்று காலை வந்த மின்னஞ்சலில் மூன்றே வரி. செல்லாத கிளிக்குகள் (உண்மையான ஆர்வம் இல்லாமல், பொய்யாகவோ தவறுதலாகவோ தட்டியவை), கணக்கு முடக்கம், நன்றி. எந்தப் பக்கம், எந்த நாள், எத்தனை கிளிக், எதுவும் இல்லை. பணம் கைக்கு வரத் தேவையான குறைந்தபட்சத் தொகையைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதுவும் போயிற்று. பணம் தர வேண்டிய நேரம் பார்த்துத்தான் தூக்குகிறார்கள் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பணம் கைமாறும் முன் கிளிக்குகளை ஒருமுறை சலித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நான் ஏமாற்றவில்லை. ஆனால் சுத்தமாகவும் இல்லை. நண்பன் ஒருவன், "உனக்கு நாலு காசு வரட்டும்னு தினமும் தட்டிட்டுத்தான்டா இருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னான். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பதிவிறக்கப் பொத்தானுக்கு ஒட்டினாற்போல ஒரு விளம்பரம் வைத்திருந்தேன். கைப்பேசியில் விரல் தவறி அதில்தான் படும். அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை "பார்வையாளர்களை" விலைக்கு வாங்கினேன். வந்தவர்களில் பாதிப் பேராவது மனிதர்களாக இருந்திருந்தால் ஆச்சரியம். இதில் எது என்னைக் கவிழ்த்தது என்று இன்றும் தெரியாது.

சிறிய தளங்கள் ஏன் இப்படிச் சுலபமாக மாட்டுகின்றன? எனக்கு ஒரு நாளைக்கு 10 கிளிக் வந்தால் பெரிய விஷயம். அதில் நண்பனுடையது 4 என்றால் கிட்டத்தட்ட பாதி மோசடி என்றுதான் இயந்திரத்துக்குத் தோன்றும். தினம் 10,000 கிளிக் வாங்கும் தளத்தில் அந்த 4 தூசு. மனிதரை உட்கார வைத்து விசாரிக்கலாமே என்றால், என் தளத்தால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பங்கு அவருடைய ஒரு மணி நேரச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. பொய்க் கிளிக்குக்கெல்லாம் காசு கட்டுபவர் விளம்பரதாரர். அவர் கோபித்துக்கொண்டு போனால் நஷ்டம். நான் போனால் யாருக்கும் தெரியாது. காரணத்தை விவரமாகச் சொன்னால் மோசடிக்காரர்கள் தப்பிக்கப் பழகிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும் நாள் எது என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மேல்முறையீட்டையும் கெடுத்துக்கொண்டேன். "நான் எந்தத் தவறும் செய்யவில்லை" என்று ஒரு பக்கம் புலம்பினேன், நிராகரித்தார்கள். தளத்துக்கு வந்தவர்களைக் குறித்து வைக்கும் சர்வர் பதிவுகளைப் பார்த்து, சந்தேகமான வருகை எங்கிருந்து வந்தது, என்ன மாற்றினேன் என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது நிறுவனத்தில் பயந்து பயந்துதான் நடக்கிறேன். சொந்த விளம்பரத்தைத் தொடுவதில்லை. பொத்தான்களுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறேன். ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பும் வைத்துவிட்டேன். என் தளத்தின் பெயரில் விளம்பர இடம் விற்க யாருக்கு அனுமதி என்று அறிவிக்கும் சின்னக் கோப்பு அது. இணைய விளம்பரத்துக்குத் தொழில்நுட்பத் தரநிலைகள் வகுக்கும் ஐஏபி டெக் லேப் என்ற அமைப்பு 2017-இல் கொண்டுவந்தது. என் விளம்பர நிரலை வேறு யாராவது நகலெடுத்துக் கண்ட தளத்தில் ஒட்டினால் என் தலை உருளக்கூடாது என்பதற்காக, கணக்கில் என் தள முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். வருமானம் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் மாதாமாதம் வருகிறது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை கிளிக் விகிதம் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை முறை தட்டினார்கள் என்ற கணக்கு) திடீரென்று மூன்று மடங்கு ஏறியது. யாரோ வேண்டுமென்றே தட்டியிருக்கிறார்கள். விளம்பரங்களை உடனே எடுத்துவிட்டு, பதிவுகளோடு நானே நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று நாள் தளம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வாரத் தொகையில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். கணக்கில் கை வைக்கவில்லை. நண்பனுக்கும் போன் போட்டு, "நீயாடா?" என்று கேட்டேன். இல்லை என்று சத்தியம் செய்தான்.