ரூ. 1,38,400 போச்சு: ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓடுறவங்க இதைப் படிச்சு வச்சுக்கோங்க

நேத்து சாயந்திரம் இன்சூரன்ஸ்ல இருந்து மெயில். கேட்ட ஆவணங்கள் வரலையாம், அப்பாவோட ஆஸ்பத்திரி பில்லுக்குப் போட்ட கிளைமை மூடிட்டாங்களாம். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். ராத்திரி பூரா தூக்கமில்ல. விடிஞ்சதும் உட்கார்ந்து எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆஸ்பத்திரி பேரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீங்க, சொல்ல மாட்டேன். திருச்சியில ஒரு நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர்களைத் தேடித் தர்ற ஒரு ஆப்ல பார்த்துப் போனோம். அதுக்கு மேல எழுத வேண்டாம்னு அண்ணன் சொல்லியிருக்கான், வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கான்.

ரெண்டு மாசம் முன்னாடி, ராத்திரி ஒன்றரை மணி. நெஞ்சை அடைக்குதுன்னு அப்பா எழுந்து உட்கார்ந்தார். 67 வயசு. பனியன் தொப்பலா நனைஞ்சு போச்சு. அம்மா திருநீறை எடுத்துப் பூசுறாங்க, நான் போனை எடுத்து ஆப்பைத் திறக்கிறேன். முதல் ஆளா வந்தது ஒரு டாக்டர் படம். "எமர்ஜென்சி மெடிசின் ஸ்பெஷலிஸ்ட், 24 மணி நேரமும்." கீழ ஒரு பச்சை டிக்: "எல்லா இன்சூரன்ஸும் ஏற்கப்படும்."

அந்தப் பச்சை டிக்கைத்தான் நம்பினேன். இருந்தும் போன் போட்டுக் கேட்டேன்.

"டாக்டர் இருக்காரா?"

"இருக்கார் மேடம், வாங்க."

"எங்க பாலிசிக்கு கேஷ்லெஸ் உண்டா?" (நாம கையில இருந்து கட்டாம, இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டுறது.)

"எல்லாத்துக்கும் உண்டு மேடம். கார்டை மட்டும் எடுத்துட்டு வாங்க."

ரெண்டு பதிலும் பொய். 

போனப்ப இருந்தது ஒரு இளம் டாக்டர். அவர் மேல எனக்குக் கோவமே கிடையாது. போன உடனே இ.சி.ஜி. எடுத்தார், ஆஸ்பிரினைக் கடிச்சு மெல்லச் சொல்லிக் குடுத்தார், இதயத்துக்குப் பாதிப்பு இருக்கான்னு பார்க்கிற ட்ரோப்போனின் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார். விடியற வரைக்கும் பத்து தடவையாவது வந்து பார்த்திருப்பார். அப்பா இன்னிக்கு நடமாடுறார்னா அவராலதான். ஆனா படத்துல இருந்த ஆள் அவர் இல்ல. "பெரிய டாக்டர் காலைல வருவார்"னாங்க. மூணு நாள் காலையும் வரல.

அட்மிஷன் கவுன்டர்ல முன்பணம் 50,000 கேட்டாங்க. கேஷ்லெஸ்னு சொன்னீங்களேன்னேன். "ராத்திரியில இன்சூரன்ஸ் டெஸ்க் கிடையாது மேடம், காலைல போட்டுட்டா இது ரீஃபண்ட் ஆயிடும்." அப்பாவை ஸ்ட்ரெச்சர்ல வச்சுக்கிட்டு நான் என்ன வாதாட முடியும்? ஜிபேல அனுப்பிட்டேன். காலைல டெஸ்க்ல உட்கார்ந்திருந்த பொண்ணு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இந்தக் கம்பெனியோட எங்களுக்கு டை-அப் இல்லையே"ன்னுச்சு. ஒப்பந்தம் இல்லையாம், நாங்களே கட்டிட்டுப் பின்னாடி கிளைம் பண்ணிக்கணுமாம். ஐ.சி.யூ.ல ரெண்டு ராத்திரி, பில் ரூ. 1,38,400. அம்மாவோட வளையலை அடகு வச்சுக் கட்டினோம்.

இங்க என் முட்டாள்தனம் ஒண்ணு இருக்கு. டை-அப் இல்லாத ஆஸ்பத்திரியிலயும் கேஷ்லெஸ் கேட்கலாம்னு 2024 ஜனவரியிலேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் அறிவிச்சிருக்காங்க. அவசர அட்மிஷன்னா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தகவல் சொல்லணும், ஆஸ்பத்திரியும் ஒத்துக்கணும். எனக்கு இது தெரிஞ்சது மூணு வாரம் கழிச்சு. அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, கிளைம் போட்டோம். கேள்வி வந்துச்சு: சிகிச்சை அளித்த டாக்டரோட தகுதி, பதிவு எண், ஐ.சி.யூ. குறிப்புகள். கிளைம் படிவத்துல ஆஸ்பத்திரி நிரப்பித் தர்ற பகுதியிலயே டாக்டரோட பதிவு எண்ணுக்குக் கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டிருக்காங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தா, கையெழுத்து யாரோடதுன்னு நினைக்கிறீங்க? அந்தப் பச்சை டிக் டாக்டர். அப்பாவை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காதவர்!

ஒரு சிஸ்டர்தான் மெதுவா சொன்னாங்க, அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவாராம். தேசிய மருத்துவப் பதிவேட்டுல பேரைப் போட்டுத் தேடினேன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருக்கு. எம்.பி.பி.எஸ். படிச்சவர் டாக்டர் இல்லைன்னு நான் சொல்லல. அவசர மருத்துவம் 2009ல இந்தியாவுல தனித்துறையா அங்கீகாரம் ஆச்சு, எம்.டி., டி.என்.பி.ன்னு முறையான படிப்பு இருக்கு. உரிய தகுதி இல்லாம ஸ்பெஷலிஸ்ட்னு போட்டுக்கக் கூடாதுன்னு 2002 மருத்துவர் நடத்தை விதியிலயே எழுதியிருக்கு. அவர் ஆஸ்பத்திரியே நடத்துற ஒரு ஃபெலோஷிப் முடிச்சிருக்காராம், மேனேஜர் பெருமையா சொன்னார்.

பதிவு எண்ணுக்கும் ஐ.சி.யூ. தாளுக்கும் பதினோரு தடவை நடந்தேன். எம்.ஆர்.டி.ல (நோயாளிப் பதிவுகளை வைக்கிற பிரிவு) கேளுங்க. சார் மீட்டிங்ல இருக்கார். இன்சூரன்ஸ் பார்க்கிற பொண்ணு லீவு. வாட்ஸ்அப்ல அனுப்பறோம் மேடம், நீங்க கிளம்புங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள பதிவுகளைக் குடுக்கணும்னு அதே விதியில இருக்குன்னு பிரின்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். மேனேஜர் சிரிச்சார். "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும் மேடம்."

ஆப்காரங்களுக்கு எழுதினா, விவரமெல்லாம் ஆஸ்பத்திரி குடுத்தது, நாங்க பொறுப்பில்லைன்னு ரெண்டு வரி. நான் போட்ட விமர்சனத்தையும் எடுத்துட்டாங்க. இன்சூரன்ஸ் கால் சென்டர்ல, பேப்பர் குடுத்தா மறுபடி திறப்போம்ங்கிறாங்க. பேப்பர் எங்க இருக்கு? ஏழு வருஷமா ஒரு தவணை தவறாம பிரீமியம் கட்டின பாலிசி இது. ரூ. 1,38,400!

என்ன பண்ணணும்னு விரிவா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. தோணுறதை மட்டும் சொல்றேன். கேஷ்லெஸ் உண்டான்னு ஆஸ்பத்திரியைக் கேட்காதீங்க, உங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட கேஷ்லெஸ் ஆஸ்பத்திரிப் பட்டியலை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. கம்பெனி விலக்கி வச்ச ஆஸ்பத்திரிகள்னு இன்னொரு பட்டியல் இருக்கும், அதையும் பாருங்க. அட்மிட் ஆனதும் கம்பெனிக்கு நீங்களே போன் போடுங்க. பார்த்த டாக்டரோட பேரும் பதிவு எண்ணும் சம்மரியில இல்லாம படியிறங்காதீங்க. நெஞ்சு வலின்னா ஆப்பைத் தோண்டாம 108ஐக் கூப்பிடுங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரி எங்க வீட்டுல இருந்து பதினஞ்சு நிமிஷம்தான்.

இன்னிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் போகுது. 30 நாள்ல ஒழுங்கா பதில் வரலைன்னா சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட போவோம், அதுக்குக் கட்டணம் கிடையாது.

அப்பா நல்லா இருக்கார், விசாரிச்சவங்களுக்கு நன்றி. பணமெல்லாம் இன்சூரன்ஸ்ல வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். சொந்தக்காரங்க யாரும் வாயைத் திறந்துடாதீங்க.