பயிர்ச்சேத நிவாரணம்: ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயிக்கு எவ்வளவு உதவும்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைச் சேதத்துக்குத் தமிழக அரசு அறிவித்த அளவு: 33 சதவீதமும் அதற்கு மேலும் பாதித்த இறவை (பாசன) நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500. மானாவாரி ராகிக்கு ஏக்கருக்குச் சுமார் 3,440 ரூபாய்தான். இது போதவே போதாது.

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) போன போகத்துப் பயிரே இருந்தால் கணக்கெடுப்பிலேயே சிக்கல். விதைத்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்துவிடுங்கள். தண்ணீர் வடியுமுன் சர்வே எண் கல்லும் சாய்ந்த கதிரும் ஒன்றாகத் தெரிய படம் எடுங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் பணம் இழுபறிதான். மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்கே போகும். கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கை மட்டும் பார்த்து, வரவில்லை என்று அலையாதீர்கள்.