தீப்போர்வையா, பொடி தீயணைப்பானா?

கேரவனில் வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் கை போக வேண்டியது தீப்போர்வைக்குத்தான், அதாவது தீயை மூடி அணைக்கும் எளிதில் தீப்பிடிக்காத துணிக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவு போதும். உறைக்கு வெளியே தொங்கும் இரண்டு பட்டைகளையும் பிடித்து உருவி, மேல் விளிம்பைக் கைகளின்மேல் மடித்து மறைத்துக்கொள்ளுங்கள். வீசக் கூடாது, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி மெல்லப் பரப்பி, கேஸை மூடுங்கள். பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான்: அணைந்ததா என்று போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். எண்ணெயின் சூடு இறங்கியிருக்காது, காற்று பட்டதும் மறுபடி குப்பென்று பிடிக்கும். அரை மணி நேரமாவது தொடவே தொடாதீர்கள்.

தீயணைப்பானின் பொடியை அருகிலிருந்து எண்ணெய்மேல் அடித்தால், அதன் வேகமே எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். பொடி எண்ணெயைக் குளிர்விப்பதும் இல்லை. ஆனால் மெத்தையோ திரைச்சீலையோ வயரிங்கோ பற்றினால் பலவகைத் தீக்கும் பொருந்தும் ஏபிசி வகைப் பொடிதான் கைகொடுக்கும். ஒரு கிலோ தீயணைப்பான் பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதால் சுவாலையை விட்டுவிட்டு அதன் அடிப்பாகத்தைக் குறிவையுங்கள். மூடிய கேரவனுக்குள் பொடி கிளம்பினால் கண் மறைக்கும், மூச்சு முட்டும். வாசல் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கேஸ் கசிந்து எரிந்தால் முதலில் வால்வை மூடுங்கள்; சுவாலையை மட்டும் அணைத்தால் கேஸ் உள்ளே தேங்கி வெடிக்கும்.

உள்ளே சமைப்பவர்கள் ஒன்றை மட்டும் வாங்குவதானால் போர்வையை வாங்கலாம். இரண்டும் இருப்பதே சரி. அடுப்புக்கு மேலே மாட்டாமல் வாசலருகே மாட்டுங்கள்.

கேரவனில் இல்லாமல் கூடாரத்தில் தங்கியிருந்து, அதன் துணியே பற்றிவிட்டால் இரண்டையும் தேடாதீர்கள். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, வெளியேறுங்கள்.