உப்புக் காற்றில் நாலு வருஷம்: என் பால் ஹெட் அனுபவம்

கால் உறுதியாக இருந்தால் போதும், தலை எதுவானால் என்ன என்று நினைத்துத்தான் முதல் டிரைபாடை வாங்கினேன். கூடவே வந்தது ஒரு சின்ன பால் ஹெட், அதாவது கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்து நிறுத்தும், பந்து வைத்த தலை. எட்டு கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. தாங்கத்தான் செய்தது, கேமரா ஒருநாளும் விழவில்லை. ஆனால் கடலூர் சில்வர் பீச்சில் விடியும் முன்னே போய், அடிவானத்தை நேர் பார்த்து, குமிழை இறுக்கிக் கையை எடுத்தால் காட்சி ஒரு நூல் கீழே இறங்கும். 30 வினாடி எக்ஸ்போஷரில் அலை எப்படியும் பஞ்சாகத்தான் விழும், அதில் ஒன்றும் தெரியாது. கரையோர விளக்கு கோடாக இழுபடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அடுத்து வாங்கியது 44 மி.மீ. பந்து உள்ள ஹெட். எடை கூடுதல்தான். ஆனால் இறுக்கினால் இறுக்கின இடத்தில் நிற்கிறது. இறுக்கத்தைத் தளர்த்தும்போது லென்ஸ் பொத்தென்று கவிழாமலிருக்கத் தனியாக ஒரு சின்னத் திருகும் உண்டு. எனக்கு இது இல்லாத ஹெட் இனி வேண்டாம்.

கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் தகடான பிளேட்டில்தான் அதிகம் பட்டேன். கேமராவை நெட்டுக்குத்தாகச் சாய்த்தால், லென்ஸின் கனம் பிளேட்டைச் சுற்றி இழுக்கும். கேமராவின் அடியில் இருப்பது ஒரே ஒரு கால் அங்குல மரை, எத்தனை இறுக்கினாலும் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். நாணயத்தை வைத்துத் திருகித் திருகி ஸ்குரூவின் தலையே மழுங்கிவிட்டது. கடைசியில் என் கேமரா மாடலுக்கென்றே வார்த்த எல் பிராக்கெட் (L வடிவப் பிளேட்) வாங்கினேன். கழற்றி, பக்கவாட்டில் மாட்டினால் முடிந்தது. பந்து நேராகவே நிற்கும், கனமும் நடுவிலேயே இருக்கும். பொது அளவு என்று விற்பதை வாங்காதீர்கள், பேட்டரி மூடியை மறைத்துவிடும். பல கம்பெனிகள் பின்பற்றும் ஆர்கா வகைப் பிளேட் என்றால் சுமார் 38 மி.மீ. அகலம். பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் திருகு வகையாக இருந்தால், அதில் எல்லாக் கம்பெனி பிளேட்டும் பெரும்பாலும் உட்காரும். நெம்புகோல் கிளாம்ப் வேகமானது, ஆனால் பிளேட் அரை மி.மீ. ஒல்லியாக இருந்தாலும் ஆடும்.

இரண்டாம் வருஷம் கிளாம்ப் திருகு அசையவே இல்லை. மரையெல்லாம் துரு. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய விடாதீங்க தம்பி, மணலு அதுலயே ஒட்டிக்கும். நல்ல தண்ணியில அலசி வெயில்படாம காய வைங்க" என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கிளாம்பைக் கழற்றி அலசுகிறேன், பந்தை ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறேன். அப்புறம் துருவே இல்லை. பல ஹெட்களில் பந்து உராய்வில்தான் நிற்கிறது. அதற்கு கிரீஸ் போட்டால் வழுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மாசி மகத்தன்று சாமி கடற்கரைக்கு வரும்போது வீடியோவுக்குத் திருப்பினால் வெட்டி வெட்டித்தான் திரும்புகிறது. அதற்கு வெட்டாமல் சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட்தான் வேண்டும். புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரியில் பறவைக்காக, கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் நண்பரின் கிம்பல் ஹெட்டை ஒருநாள் வாங்கிப் போனேன். பெரிய லென்ஸ் பூப்போலத் திரும்பியது. பைக்கில் அதைச் சுமந்துகொண்டு கடலூர் வந்து சேர்ந்தபோது தோள் கழன்றுவிட்டது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.